காது மெஷின் என் பையில் இருந்தது

முதியோரைப் பார்க்க எல்லா டாக்டர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்ற உங்கள் கட்டுரை சரிதான். ஆனால் ‘டெலிரியம்’ என்கிற திடீர் மனக்குழப்பத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே!

அப்பாவுக்கு 81 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன். இரண்டாம் நாள் இரவு, என்றோ இறந்துபோன பாட்டியைக் கூப்பிட்டார், ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினார். ‘வயசாச்சுல்ல, மறதி நோயா இருக்கும்’ என்று தூக்க ஊசி போட்டார் டியூட்டி டாக்டர். முந்தின வாரம் வரை பால் கணக்கை வாயாலேயே சொன்ன மனிதர்! மறுநாள் மூத்த டாக்டர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சிறுநீர் கட்டியிருந்தது, நான்கு நாளாக மலமும் போகவில்லை. அப்புறம் கேட்டார், ‘இவர் கண்ணாடி, காது மெஷின் எங்கே?’ என் பையில் பத்திரமாக இருந்தன. (என் தப்பும்தான்.) சிறுநீர், மலம் கட்டுவதும், கண்ணும் காதும் சரியாகத் தெரியாமல் கேட்காமல் கிடப்பதும் டெலிரியத்தைக் கிளப்பிவிடுமாம்.

மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில் வளரும். டெலிரியம் மணிக்கணக்கில் வரும். ‘போன வாரம் எப்படி இருந்தார்?’ என்று வீட்டாரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். கத்துகிறவரையாவது கவனிக்கிறார்கள். பேசாமல் சுருண்டு கிடப்பவருக்கும் இதுவே இருக்கலாம்; அவரை ‘நல்லா தூங்குறார்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

கிண்டியில் 2024-ல் முதியோருக்கென்றே மருத்துவமனை வந்தது நல்லது. ஆனால் இடுப்பு முறிந்தவர் பக்கத்து ஊர் எலும்பு வார்டுக்குத்தானே போவார்?