ராமன் லம்பாவை விட்டுவிட்டீர்களே

கிரிக்கெட் மைதானத்து மரணங்கள் பற்றிய உங்கள் கட்டுரை ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிலிப் ஹியூஸோடு நின்றுவிட்டது. சரி, 2014இல் சிட்னியில் பந்து பட்டு அவர் இறந்த சம்பவம்தான் பலருக்கும் நினைவில் இருக்கும். ஆனால் 1998 பிப்ரவரியில் டாக்காவில் இறந்த நம் இந்திய வீரர் ராமன் லம்பாவுக்கு ஒரு வரிகூடக் கிடையாதா? அபஹானி கிளப்புக்காக முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்தார், ஓவரில் இன்னும் சில பந்துதானே என்று ஹெல்மெட் போடாமலேயே பேட்ஸ்மேனுக்கு மிக அருகே, ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் போய் ஃபீல்டிங் நின்றார். மெஹ்ராப் ஹுசைன் அடித்த பந்து அவர் தலையில் பட்டு எகிறி விக்கெட் கீப்பர் கைக்குப் போனது. பேட்ஸ்மேன் அவுட்! லம்பா எழுந்து நடந்துதான் வெளியே போனார், அப்புறம்தான் மூளையில் ரத்தக்கசிவு என்று தெரிந்தது, மூன்றாம் நாள் போய்விட்டார். வயது 38.

இன்னொன்று, ஹெல்மெட் போட்டும் ஹியூஸ் செத்தாரே, அப்புறம் எதற்கு ஹெல்மெட் என்று கேட்பவர்களுக்கு: பந்து பட்டது ஹெல்மெட் மறைக்காத கழுத்தில், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அங்கேதான் கிழிந்தது. பந்து வீசிய ஷான் அபாட்டைத் திட்டுவதையும் நிறுத்துங்கள், ஹியூஸ் மரணம் பற்றிய 2016 விசாரணை அவர் மீதோ வேறு யார் மீதோ பழி சொல்லவில்லை, ஸ்லெட்ஜிங் (எதிரணியை வாயால் சீண்டுவது) தேவையா என்று மட்டும் ஒரு குட்டு வைத்தது. எனக்குக் கோபம் கிரிக்கெட் வாரியத்தின் மேல்தான். ஹெல்மெட்டோடு மாட்டும் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்க ஆஸ்திரேலியாவுக்கே 2023 வரை ஆயிற்று. இடையில் 2019 லார்ட்ஸில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்மித் கழுத்தில் பட்டபோதுகூட ஸ்மித் அதை மாட்டியிருக்கவில்லை.