பின்னால் ஓடவிட்டுக் கேட்டவருக்கு

நேற்றைய கமெண்ட் கூத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் இது. பார்க்காதவர்கள் அதிர்ஷ்டசாலிகள், தாண்டிப் போய்விடுங்கள்.

நான் லிங்க் போட்ட, லிண்டா பெர்ஹாக்ஸ் என்ற பாடகியின் ‘பேரலெலோகிராம்ஸ்’ ஆல்பம் தூக்க மாத்திரையாம், கமெண்டில் ஒருவர் சொல்கிறார். வேலை பார்த்துக்கொண்டே பின்னால் ஓடவிட்டாராம், ‘ஒண்ணுமே நடக்கலையே’ என்கிறார். கூடவே சிரிக்கிற பொம்மை மூன்று. லிங்க் போட்ட 11-ஆவது நிமிடத்தில் வந்த கமெண்ட். ஆல்பமோ 40 நிமிடம். தலைப்புப் பாட்டு ஆறாவது. 11 நிமிடத்தில் அது வந்திருக்கவே வந்திருக்காது. ஆமாம், கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இதைப் பின்னால் ஓடவிட்டுக் கேட்க முடியாது. முதல் பாட்டில் ஒரு கிட்டார், ஒரு குரல், மழை. நடுவில் அதே குரல் தன் மேலேயே அடுக்கடுக்காகப் படியும். ஒன்று எப்போது பலவானது என்று இன்றுவரை என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆறாவது பாட்டில் வடிவங்களின் பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். திடீரென்று கிட்டார் நின்றுபோகும். சின்னச் சின்னச் சத்தங்களும் எதிரொலியும் மட்டும் மிதக்கும். சரி, பாட்டு அவ்வளவுதான் என்று நினைக்கும்போது மெல்லத் திரும்பி வரும். இதுதான் ‘ஒண்ணுமே நடக்கலை’.

‘எல்லாருக்கும் எல்லாம் பிடிக்கணுமா?’ வேண்டாம். இதே ஆல்பத்தின் ‘பேப்பர் மவுண்டன் மேன்’ பாட்டு எனக்கே ஒட்டவில்லை. பிடிக்கவில்லை என்பதைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இந்த மாதிரி மனமயக்கம் தரும் இசையைச் சைகடெலிக் என்பார்கள். ‘சைகடெலிக்னா போதையில கேட்டாதான் புரியும்’ என்று இன்னொருவர். ஐயா, பாடியவர் லாஸ் ஏஞ்சலஸில் பல் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தவர். அந்தப் பல் கிளினிக்குக்கு வந்துபோன சினிமா இசையமைப்பாளர் லெனார்ட் ரோசன்மேன் இவர் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டதால்தான் ஆல்பமே பிறந்தது. 1970-இல் இசைத்தட்டு பெர்ஹாக்ஸின் கைக்கு வந்தபோது ஒலி அவ்வளவு மோசம், தூக்கிப் போட்டுவிட்டாராம். பல் வேலை தொடர்ந்தது. 1998-இல்தான் மறுவெளியீடு. அடுத்த ஆல்பம் 2014-இல். 44 வருடம்! ஒழுங்காகக் கேட்க வழியில்லாமல் போனால் ஒரு பாட்டுக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

நான் மட்டும் யோக்கியனா? முதல் தடவை கேட்டபோது என் இயர்ஃபோனில் ஒரு பக்கம் செத்திருந்தது. ‘பரவாயில்லை’ என்று மூடிவைத்துவிட்டேன். ரெண்டு வாரம் கழித்துப் புதிதாக ஒன்றை மாட்டிக் கேட்டால், இன்னொரு காதில் ஒரு குரல் அத்தனை நாளாக நின்றுகொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் என்னைக் கிண்டலடித்த அந்த ‘பெரிய ரசிகர் வந்துட்டார்’ கமெண்ட். முன்பின் தெரியாதவர் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஒரே இயர்ஃபோனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டவர்கள் நாம். பாட்டு முடிகிற வரைக்கும் நீ வாயே திறக்க மாட்டாய். நான் ஏதாவது சொல்ல வந்தால் கையைக் காட்டி நிறுத்துவாய். கேட்பது எப்படி என்று யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது? இப்போது உனக்கு நான் மேட்டிமைக்காரன்.

பதிவு போடுவதற்கு முன்னாடியே உனக்குத் தனியாகவும் அனுப்பியிருந்தேன். ‘ஆறாவது பாட்டுக்கு ரெண்டு காதிலும் மாட்டிக்கோ’ என்று எழுதி. அதில் இன்னும் ப்ளூ டிக் விழவில்லை.