துப்புக்கூலி

பாளையங்கோட்டையில் பதினாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கோர்ட்டுக்குப் போகிறவர்கள், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள், தாலுகா ஆபீசுக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் வந்து போகிற கடை. போன வாரம் ஒரு பாட்டி வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கையில் ஒரு துண்டுச் சீட்டு. "இதுல எழுதியிருக்கதைத் தாங்கய்யா" என்று நீட்டினார். ஏ4 பேப்பர் ஒரு கட்டு, நீலப் பேனா இரண்டு, பென் டிரைவ் ஒன்று.

"பேரப்பிள்ளைக்காம்மா?" என்று கேட்டேன். "இல்லய்யா, ஆடு களவு போயிட்டு. நாலு உருப்படி. ஸ்டேஷன்ல மனு எழுதிக் கொடுத்தேன், இதை வாங்கிட்டு வரச் சொன்னாவ" என்றார். சுருக்குப் பையை அவிழ்த்து மடித்து வைத்திருந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். வாங்கின விலைக்கே கொடுத்து அனுப்பினேன். அன்று முழுக்க மனசு சரியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் படியுங்கள்.

நம் சீமையில் துப்புக்கூலி என்று ஒரு வழக்கம் இருந்தது. மாடு களவு போனால், அது எங்கே கட்டிக் கிடக்கிறது என்று துப்புச் சொல்கிறவருக்கு மாட்டு விலையில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுத்து மீட்டு வர வேண்டும். பறிகொடுத்தவனே இன்னொரு தடவையும் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் தலக்காவல், திசைக்காவல் என்று பாளையக்காரர்களும் காவல்காரர்களும் ஊருக்கு ஊர் காவல் வரி வாங்கினார்கள். அந்த ஏற்பாட்டில் ஆயிரம் கொடுமை உண்டு, அதை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது. களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். பாளையக்காரர் போர் முடிந்ததும் கிழக்கிந்தியக் கும்பினி அந்தக் காவல் உரிமையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 1859-ல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. வரி தொடர்ந்தது, ஈடு கட்டும் நிபந்தனை போய்விட்டது.

1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்ததும் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். அதன் பிறகு வெள்ளைக்காரன் என்ன செய்தான் தெரியுமா? நெல்லையிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீஸ் என்று ஒரு படையை நிறுத்தி, அதற்கான செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாகக் கட்டினான். சுட்டவர்களுக்குச் சோறு போடும் செலவும் சுடப்பட்ட ஊருடையது.

சரி, அது பழைய கதை. இப்போது நாம் எவ்வளவு கொடுக்கிறோம்?

போலீஸ் மாநிலப் பட்டியலில் வருகிற துறை. தமிழ்நாடு பட்ஜெட்டில் 2020-21-க்குக் காவல் துறைக்கு ஒதுக்கியது 8,876 கோடி ரூபாய். 2022-23-ல் அது 10,285 கோடி. 2011 மக்கள்தொகையை வைத்து வகுத்துப் பாருங்கள், தலைக்கு 1,400 ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்தக் கணக்கில் நாலு பேர் உள்ள ஒரு வீடு அந்த வருடத்துக்கு ஐயாயிரத்து எழுநூறு ரூபாய் கொடுத்தது. அந்தப் பாட்டியும் கொடுத்திருக்கிறார், வரி உள்ள பொருள் வாங்குகிற ஒவ்வொரு தடவையும். கொடுத்த பிறகும் அவர் பேப்பர் கட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறது. அதில் எனக்குப் புகார் இல்லை. என் சித்தப்பா ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுதப்படைக் குடியிருப்பில்தான் பாதி லீவு நாட்களை நான் கழித்திருக்கிறேன். சம்பளம் அதிகம் என்று எந்தக் காவலரைப் பார்த்தும் என்னால் சொல்ல முடியாது. என் கேள்வி வேறு. சம்பளம் வாங்குகிற அந்த மனிதரின் ஒரு வருட நாட்களில் எத்தனை நாள் நிற்பதற்குப் போகிறது, எத்தனை நாள் தேடுவதற்குப் போகிறது?

நம் தென்மாவட்டக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஆனியில் நெல்லையப்பர் தேர். ஜூலை 23 தாமிரபரணிக் கரையில் மாஞ்சோலைத் தொழிலாளர் நினைவு நாள். ஆகஸ்ட் 20 பாளையில் ஒண்டிவீரன் நினைவு நாள். செப்டம்பர் 1 நெற்கட்டும்செவலில் பூலித்தேவன் பிறந்த நாள். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி. இதற்கு நடுவே கோயில் கொடைகள், ஊர்வலங்கள், வி.ஐ.பி. வருகைகள். ஒவ்வொன்றுக்கும் பந்தோபஸ்து. தலைவர்களை மக்கள் கும்பிடுவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நிற்கிற ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதுதான் விஷயம். பட்டாலியனிலிருந்தும் ஆயுதப்படையிலிருந்தும் வருவார்கள். போதவில்லை என்றால் ஸ்டேஷனிலிருந்து எடுப்பார்கள். அந்த நாட்களில் ஸ்டேஷனில் ரைட்டரும் பாரா காவலரும்தான் இருப்பார்கள். ஆடு தேட யார் போவது?

"அண்ணாச்சி, என்கிட்ட பதினெட்டு கேஸ் கட்டு கிடக்கு. ஆகஸ்ட்ல தொடங்கினா தீபாவளி வரைக்கும் ஒண்ணையும் திறக்க முடியாது." என் கடைக்கு வருகிற ஒரு எஸ்.ஐ. சொன்னது இது. அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. 2021-ல் காவலர்களுக்கு வார விடுமுறை என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், நல்ல அறிவிப்பு. பந்தோபஸ்து மாதங்களில் அது என்ன ஆகிறது என்று அவர்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். சித்தப்பா வேலையில் இருந்த வரைக்கும் எங்கள் சித்தி தனியாகத்தான் தீபாவளி கொண்டாடினார்.

2024 டிசம்பர் 20-ம் தேதி காலையில் நெல்லை நீதிமன்ற வாசலிலேயே ஒரு இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். என் கடைக்கு அன்று ஓடி வந்தவர்களின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. நீதிமன்றங்களில் துப்பாக்கியோடு காவலர்களை நிறுத்த உத்தரவானது. வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள், ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் நிற்கிற ஆட்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது. பழிக்குப் பழி என்று அடுத்த வெட்டு எங்கே விழும் என்பதைத் தேடித் தெரிந்துகொள்ள வேண்டிய ஆளையும் கொண்டுபோய் வாசலில் நிறுத்தி விடுகிறோம்.

தேடுகிற பக்கத்துச் செலவு எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதில் ஒரு பங்கு என் மிஷினில்தான் ஓடுகிறது. குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் குற்றப்பத்திரிகை நகலும் ஆவணங்களும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நியாயமான சட்டம். ஒரு கொலை வழக்கில் 12 பேர், கட்டு 200 பக்கம் என்று வையுங்கள். 2,400 பக்கம். பக்கத்துக்கு ஒரு ரூபாய் போட்டாலும் 2,400 ரூபாய். இது ஒரே வழக்கு, அதிலும் நகல் செலவு மட்டும். பிறகு சாட்சிக்குச் சம்மன் கொண்டுபோக பெட்ரோல், சம்பவ இடத்தைப் படம் பிடிக்க, வீடியோ எடுக்க, அதைப் பதிவு செய்ய, குற்றம் சாட்டப்பட்டவர் வெளியூர் ஓடிப் போனால் பின்னாலேயே போக. பலர் "அண்ணாச்சி, கணக்குல எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு சம்பளம் வந்ததும் சொந்தப் பணத்தில் தீர்ப்பார்கள். அப்படித் தீர்க்கிற நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும். மற்றவர்கள் துண்டுச் சீட்டை எழுதுவார்கள்.

எங்கள் வீட்டுக்கும் அந்தச் சீட்டு வந்தது. 2019-ல் அம்மா கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் ஆறு பவுன் செயினை அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் காயம். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை, அங்கிருந்தவர்கள் யாரும் கெட்டவர்களும் இல்லை. பேப்பர் கேட்டார்கள், கொடுத்தேன். கேமரா பதிவு எடுக்க பென் டிரைவ் கேட்டார்கள், கொடுத்தேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும், ஜீப்பில் டீசல் இல்லை என்றார்கள், கார் பிடித்துக் கொடுத்தேன். மூன்று தடவை. மூன்றாவது தடவைக்குப் பிறகு விசாரித்த அதிகாரிக்குப் பந்தோபஸ்து டியூட்டி வந்தது. திரும்பி வந்தபோது வேறு கேஸ்கள். கடைசியில் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நோட்டீஸ் வந்தது. அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்தேன். "அந்தப் பிள்ளைக நல்லா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். பறித்தவர்களைச் சொன்னாரா போலீஸ்காரர்களைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

தேடுவதற்குப் பணமும் நேரமும் இல்லாத இடத்தில் என்ன நுழையும் என்பதையும் சொல்ல வேண்டும். லத்தி நுழையும். ரேகையும் ரத்த மாதிரியும் கேமரா பதிவும் சேகரிக்க நாள் பிடிக்கும், செலவு பிடிக்கும். சந்தேகப்பட்டவனை உள்ளே வைத்து அடிக்க ஒரு ராத்திரி போதும். 2023-ல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குக் கூட்டிப் போனவர்களின் பல்லைப் பிடுங்கியதாக எழுந்த புகார் நாடு முழுக்கப் பேசப்பட்டது. மாநிலக் குற்றப் புலனாய்வுப் பிரிவான சி.பி.சி.ஐ.டி. வரைக்கும் போனது. அப்போது அந்த விசாரணைக்கு இன்னொரு செலவு. 1995-ல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து தாக்கியதற்கு ஒரு ஆணையம், 1999 தாமிரபரணியில் 17 உயிர் போனதற்கு ஒரு ஆணையம், 2018 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததற்கு ஒரு ஆணையம். கால் நூற்றாண்டுக்குள் நம் பக்கத்திலேயே மூன்று. தூத்துக்குடியில் இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான், இன்னும் கூடக் கொடுத்திருக்கலாம். அதுவும் நம் பணம்தான் என்பதையும், துறையின் கணக்கில் அது குற்றத்தைத் தடுத்த செலவாக எங்கேயும் வராது என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

2006 செப்டம்பரில், போலீஸ் சீர்திருத்தம் கேட்டுத் தொடர்ந்த பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் ஒழுங்கையும் குற்றப் புலனாய்வையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னது, 10 லட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட ஊர்களில் தொடங்கி. நம் நெல்லை மாநகரம் 2011 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் 1997-லேயே இங்கே கமிஷனர் அலுவலகம் வந்துவிட்டது. பழிவாங்கல் கொலைகள் என்று பத்திரிகைகள் எழுதினால் முதலில் நம் ஊர்ப் பெயரைத்தான் எழுதுகின்றன. இந்த ஊருக்குத்தான் பந்தோபஸ்துக்கு இழுக்க முடியாத ஒரு புலனாய்வுப் பிரிவு முதலில் வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் இருக்கிறது. நாங்குநேரியிலோ களக்காட்டிலோ நடு ராத்திரி ஒரு கொலை நடந்தால் அங்கே போகும் வண்டிக்கு டீசல் யார் போடுவார்கள் என்பதை இப்போதே பட்ஜெட்டில் எழுதாவிட்டால், அந்தச் சீட்டும் என் கடைக்கு வரும்.

போலீசுக்குப் பணத்தைக் குறை என்று நான் சொல்லவில்லை. கூட்டிக் கொடு என்றும் சொல்லவில்லை. துறைக்குப் பணம் கேட்டுச் சட்டமன்றத்தில் வைக்கிற மானியக் கோரிக்கையில் பந்தோபஸ்துக்கு ஆன செலவைத் தனியாகக் காட்டுங்கள், புலனாய்வுக்கு ஆன செலவைத் தனியாகக் காட்டுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இந்த மாதம் பேப்பருக்கு இவ்வளவு, எரிபொருளுக்கு இவ்வளவு என்று வாசலில் ஒரு போர்டில் எழுதிப் போடுங்கள். ரேஷன் கடையில் இருப்பு எழுதிப் போடுகிறார்களே, அது போல. போர்டு இருந்தால் அந்தப் பாட்டி சீட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்டேஷனுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த பொருள் என்ன, எவ்வளவு ஆனது, எந்த வருடம் என்பதை மட்டும் கீழே எழுதுங்கள். ஸ்டேஷன் பெயர் வேண்டாம், அதிகாரி பெயர் வேண்டவே வேண்டாம். தொகுத்து, அடுத்த மானியக் கோரிக்கைக்கு முன்னால் மூன்று மாவட்ட எம்.எல்.ஏ.க்களுக்கும் அனுப்பி வைக்கிறேன். தபால் செலவு என்னுடையது.

நானே தொடங்குகிறேன். பேப்பர் இரண்டு கட்டு, பென் டிரைவ் ஒன்று, வாடகைக் கார் மூன்று தடவை. மொத்தம் 9,740 ரூபாய். 2019.