சிங்கப்பூரில் வரியே கிடையாதா?

“சிங்கப்பூரில் வரியே இல்லை, சம்பளம் முழுதும் கைக்கு வரும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஊரிலிருக்கும் சித்தப்பா வரை அனுப்பிவிட்டார். தவறு.

இங்கு வசிப்பவர்களாகக் கணக்கிடப்படுவோருக்கு, கழிவுகள் போக ஆண்டு வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்குத்தான் வரி இல்லை. அதற்கு மேல் 2 விழுக்காட்டில் தொடங்கி, 10 லட்சம் வெள்ளியைத் தாண்டும் பகுதிக்கு 24 விழுக்காடு வரை ஏறும். 40,000 வெள்ளிக்கு வரி 550 வெள்ளி. குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லையே!

சம்பள வரி கட்டாதவரும் பொருள் சேவை வரிக்குத் தப்ப முடியாது. 1994இல் 3 விழுக்காடாக வந்தது, 2024 முதல் 9 விழுக்காடு. தேக்காவில் ஒரு சிறு கடை அதைத் தனியாக வாங்காமல் இருக்கலாம். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடைக்கு இந்த வரிக்கான பதிவு கட்டாயமில்லை.

அப்புறம், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மத்திய சேமநிதி உண்டு. 55 வயது வரை பொதுவாகச் சம்பளத்தில் 20 விழுக்காடு அதற்குப் போகும், ஓர் உச்சவரம்பு வரை. அது வரி இல்லை, சொந்தச் சேமிப்பு. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் இருக்காது.

வதந்திக்கு வேர் எது? மூலதன ஆதாயத்துக்கு, அதாவது பங்கு, வீடு போன்றவற்றை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு, பொதுவாக வரி இல்லை; மரணச் சொத்து வரி 2008இல் நீக்கப்பட்டது. அது மட்டும்தான் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறது போல.