இளஞ்சிவப்புச் சீட்டில் கட்சி கிடையாது

ஞாயிற்றுக்கிழமை ஊருணிக்கரைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஊராட்சித் தலைவருக்குச் சுயேச்சையாக நிற்கப்போவதாக எழுந்து சொன்ன பெண்ணிடம், "உன் பின்னால எந்தக் கட்சி இருக்கு? பேசாம ஒதுங்கிக்கம்மா" என்றார்கள். சொன்னதைக்கூட விட்டுவிடலாம். கூட்டம் சிரித்ததே, அதுதான் தாங்கவில்லை.

ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சியே கிடையாது. வார்டு உறுப்பினருக்கும் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் இரண்டுக்கும்தான் கட்சிச் சின்னம். தலைவருக்கு யார் நின்றாலும் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நிற்க வேண்டும். அப்புறம் அவள் மட்டும் எப்படி 'வெறும் சுயேச்சை' ஆனாள்?

2019 டிசம்பர் கடைசியில் அப்பத்தாவைக் கைப்பிடித்து ஓட்டுப் போட அழைத்துப் போனேன். நாலு நிறத்தில் நாலு சீட்டு. ஊராட்சித் தலைவருக்கான இளஞ்சிவப்பை மட்டும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "இதுல எலையும் இல்ல, சூரியனும் இல்லையேய்யா" என்றாள். அங்கிருந்த அலுவலர், "இதுக்குக் கட்சி இல்ல பாட்டி, ஆளைப் பார்த்துப் போடுங்க" என்றார். "அப்பச் சரி, ஆளைத் தெரியும்" என்று மறைப்புக்குள் போய்விட்டாள்.

அப்படி வந்தவர் முதலில் செய்தது, ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலை வெட்டியது. தெருத் தண்ணீரெல்லாம் ஊருணிக்குப் போய்ச் சேரும்படி முன்னோர் அமைத்த ஊர் இது. வரத்துக்கால் அடைத்துக்கொண்டால் எத்தனை மழை பெய்தும் பயனில்லை. அந்த ஐப்பசியில் படித்துறையில் நாலு படி முங்கியது. தடியை ஊன்றிக்கொண்டு வந்து அப்பத்தா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கட்சி இல்லாவிட்டால் நிதி வராது" என்பீர்கள். நிதிக்குழு மானியம் கட்சி பார்த்து வருவதில்லை. வீட்டு வரி நாம் கட்டுவது. காசோலையில் கையெழுத்துப் போடுவது தலைவரும் துணைத் தலைவரும். இதில் கட்சிக்கு எங்கே வேலை?

"ஜெயித்ததும் ஏதாவது ஒரு கட்சித் துண்டைப் போட்டுக்கொள்வார்கள்" என்பீர்கள். சிலர் போட்டுக்கொண்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கட்சி ஆட்கள் மட்டும் என்ன செய்தார்கள்? நம் சிவகங்கை மாவட்ட ஊராட்சியில் 16 இடம். இரண்டு கூட்டணியும் ஆளுக்கு 8 என்று நின்று, 2020-ல் அதன் தலைவர் தேர்தல் தள்ளித் தள்ளிப் போனது மறந்துவிட்டதா?

2019-ல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போனது. அதற்குப் பிறகு எங்கள் தெருவிளக்கு ஒன்று அணைந்தால் யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை. மனு எழுதிக் கொண்டுபோனவள் அந்தப் பெண்தான். இன்று அவளைப் பார்த்துச் சிரித்தவர்களும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

வெளியூரிலிருந்து புத்தி சொல்கிற சொந்தங்களே, உங்கள் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து திறக்கிறீர்கள். மற்ற நாளெல்லாம் இந்தத் தெருவில் இருட்டில் நடப்பது நாங்கள். யார் நிற்கலாம், யார் ஒதுங்க வேண்டும் என்று அங்கிருந்துகொண்டு சொல்லாதீர்கள். மனசு வலிக்கிறது.

நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து வீட்டு வரி ரசீதுகளை வருஷ வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள், "அண்ணே, அன்னிக்கு நீங்களும் சிரிச்சீங்களா?"

இல்லை என்றேன். சிரிக்கவில்லைதான். எழுந்து ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அடுத்த கூட்டத்தில் பேசுவேன்.