சங்கக்கடைக் கதையைச் சாமான் இருக்கேக்கயே கதைப்பம்

ஊருக்கு ஒரு கஷ்டம் வந்தா எங்கட ஆக்கள் முகநூலில முதல்ல செய்யிற வேலை, ஆர் நல்ல முதலாளி ஆர் பதுக்கிற முதலாளி எண்டு பிரிக்கிறதுதான். நல்லவருக்குக் கைதட்டு, மற்றவருக்குத் திட்டு. எனக்கு உது ரெண்டிலயும் பெரிசா நம்பிக்கை இல்லை. ஒரு ஊர்ச் சனத்தின்ர சாப்பாடு முதலாளியின்ர குணத்தில தொங்கிக்கொண்டு நிக்கிறதுதான் பிரச்சினை, குணம் நல்லதோ கெட்டதோ அது பிறகு. அதாலதான் சங்கக்கடை, அதாவது ஊர்ச் சனமே அங்கத்தவராச் சேர்ந்து நடத்திற கூட்டுறவுக் கடை, வேணும் எண்டு சொல்லுறன்.

2021இல இலங்கையில பால்மா இல்லாமப் போனது ஞாபகம் இருக்கோ? கட்டுப்பாட்டு விலை இருந்தவரைக்கும் கடையில ஒரு பக்கற் இல்லை, ஒக்டோபரில அதை எடுத்தாப் பிறகு விலை ஏறி விக்கத் துவங்கினவை. இடையில சில கடையள்ல பால்மா வேணுமெண்டா தேயிலையும் பிஸ்கற்றும் சேத்து எடுங்கோ எண்டும் சொன்னவை. மாதச் சம்பளக்காரர் எடுத்துக்கொண்டு போயிடுவினம், ஒரு பக்கற்றுக்கு மட்டும் எண்ணிக் காசு கொண்டு வந்த கைப்பிள்ளைக்காரி என்ன செய்யிறது? நாட்கூலிச் சனம் கால்கிலோ பருப்பு நூறு கிராம் சீனி எண்டுதான் வாங்கும், தட்டுப்பாடு வந்தா மூட்டையா வாங்கக்கூடிய ஆள்தான் முதல்ல தப்புவார், அவர் தப்பின பிறகு மிஞ்சிறது மற்றவைக்கு.

2022 ஜூலையில எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தது. நான் குறை சொல்லேல்லை, பெற்றோல் செட்டுக்கு முன்னால நாள்கணக்கில கிடந்த லைன் குறைஞ்சது அதாலதான், லைனில நிண்டு செத்த ஆக்களும் இருந்த நாடு இது. ஆனா அது வாகனத்துக்கு எண்டு செய்தது. வாகனப் பதிவு நம்பர் இருந்தா கிழமைக்கு இத்தினை லீற்றர் எண்டு உங்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. யாழ்ப்பாணக் கரையில குருநகரிலயும் மாதகலிலயும் மண்ணெண்ணெயில எஞ்சின் ஓட்டித் தொழிலுக்குப் போறவைக்கு, மிசின் போட்டு வெங்காயத்துக்கு இறைக்கிற தோட்டக்காரருக்கு, கறண்ட் இல்லாத வீட்டில விளக்குக் கொளுத்திறவைக்கு அந்தக் கணக்கில இடமிருக்கேல்லை, அவை கானோட நிண்டவை. பிறகு ஓகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து ஒரேயடியா 340 ரூபாய். கடலுக்குப் போனா நட்டம், போகாட்டிப் பட்டினி. செப்டெம்பரில கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், உழைப்பு நிண்டுபோன வீட்டுக்கும் அதே விலைதான்.

அந்த நேரம் கனபேரைத் தாங்கினது மூலைக்கடைக் கடன் கொப்பி. உண்மைதான், நன்றி சொல்லோணும். ஆனா அந்தக் கொப்பியில பேர் ஏற முதல் கடைக்காரருக்கு உங்களைத் தெரிஞ்சிருக்கோணும், ஆற்ற மகன், எந்தப் பக்கத்து ஆள், வெளிநாட்டில ஆரும் இருக்கினமோ எண்டெல்லாம் பாத்துத்தான் எழுதுவினம். வாடகைக்கு வந்திருந்தவை, முகாமில இருந்து எழும்பி வந்து காணியில்லாம இருக்கிறவை, இன்னும் சில இடங்களில சாதி பாத்துத் தள்ளி வைக்கிற ஆக்கள், இவைக்குக் கொப்பி திறக்கிறது லேசில்லை. எழுதச் சங்கடமாத்தான் இருக்கு. கடைக்காரரிலயும் முழுக்கப் பிழை சொல்லேலாது, மொத்தக் கடையில அவருக்கே கடன் நிண்டுபோச்சு, காசைக் குடுத்தாத்தான் சாமான்.

இதாலதான் நான் சங்கக்கடையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கதைக்கிறன், என்ர பெடியள் சிரிக்கிறாங்கள். 2006 ஓகஸ்டில சண்டையால யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 றோட்டைப் பூட்டினாப் பிறகு வெளிக்கடையில விலை பல மடங்கு ஏறிக் கிடக்க, கப்பலில வந்த அரிசி மா சீனி பருப்பை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தாலதான் குடும்ப அட்டைக்குப் பங்கிட்டவை. லைன் நீளம், சாமான் பிந்தும், சிலவேளை வராது, ஏச்சுப்பேச்சு எல்லாம் இருந்தது. எண்டாலும் அட்டையில பேர் இருந்தாக் காணும், ஆற்ற மகன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. உதவி எண்டதுக்கும் உரித்து எண்டதுக்கும் வித்தியாசம் எனக்கு விளங்கினது அந்த லைனிலதான். அதோட சங்கம் எண்டா மா சீனி மட்டுமில்லை, மூளாயில ஆஸ்பத்திரியையே கூட்டுறவா 1930களில துவங்கின ஆக்கள் நாங்கள்.

தொண்ணூறுகளில யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள்ள ஜாம் போத்தில் விளக்கில படிச்சம், சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்டம் எண்டு பெருமையாச் சொல்லுவம். சொல்லலாம். அந்தக் கதையளைச் சொல்லுறது தப்பி வந்த ஆக்கள்தானே.

சங்கத்தில ஊழல், அரசியல், புழுத்த அரிசி எண்டு இப்ப கீழ வந்து எழுதுவியள், எனக்கும் தெரியும். அதுக்காகச் சங்கத்தைக் கைவிட்டா மிஞ்சிறது சுப்பர்மார்க்கற்றும் வெளிநாட்டுக் காசில வாற நிவாரணப் பொதியும்தான், பொதியை வாங்கிறதுக்கு ஃபோட்டோவுக்கும் நிக்கோணும். பிள்ளையள் படிக்கிற வயசில கையில பருப்புப் பையோட முகநூலில நிக்கிறது எவ்வளவு கூச்சம் எண்டு குடுக்கிற ஆக்கள் ஒருக்கா யோசியுங்கோ.

நான் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. ஒரு மாசத்துக்குக் காணக்கூடிய அரிசி, பருப்பு, பால்மாவைச் சங்கம் எப்பவும் கையில வச்சு பழசை வித்துப் புதுசு ஏத்தட்டும், தட்டுப்பாடு வந்தா ஆளுக்கு இவ்வளவு எண்டு அளவு வைக்கட்டும், கால்கிலோவும் நிறுத்துக் குடுக்கட்டும். நடக்க ஏலாத ஆக்கள், படுக்கையில கிடக்கிறவை, தனிய இருக்கிற வயசு போன ஆக்களின்ர விவரத்தை விதானையாரிட்ட (கிராம அலுவலரிட்ட) வாங்கி வச்சா சைக்கிளில ஒரு பெடியன் கொண்டுபோய்க் குடுக்கலாம், அதுக்கு ஆப் ஒண்டும் தேவையில்லை. நெடுந்தீவுக்குச் சாமான் குறிகட்டுவான் இறங்குதுறையில ஏத்தி இறக்கிற கூலியைச் சனத்தின்ர விலையில போடாம அரசாங்கம் பாக்கோணும், கடல் கொந்தளிச்சு ரெண்டு நாள் படகு நிண்டாலே அங்க அது இடர்தான்.

இதெல்லாம் சங்கத்தின்ர பொதுக்கூட்டத்தில முடிவெடுக்கிற விசயம். அங்க வாறது எப்பவும் அதே நாலு வெள்ளை வேட்டிதான், பொம்பிளையள் குறைவு, இளம் ஆக்கள் இல்லவே இல்லை. உங்கட ஊர்ச் சங்கத்தில அடுத்த கூட்டம் எப்ப எண்டு தெரிஞ்ச ஆக்கள் கீழ எழுதுங்கோ பாப்பம்.