பொறியியலாளரை நினைவுகூர்வதென்றால் அவருடைய வேலையைப் பேச வேண்டும்

1918ஆம் ஆண்டு இலங்கைப் பொறியியல் சங்கத்தின் கூட்டமொன்றில், அரசாங்க சேவையில் இருந்த டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் ஓர் ஆய்வுக் கட்டுரையை வாசித்தார். மலைநாட்டில் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் உயரத்திலிருந்து விழுகின்ற விசையைக் கொண்டு இந்த நாட்டுக்கு மின்சாரம் உற்பத்தி செய்யலாம் என்பதையும், அது பொருளாதார ரீதியில் கட்டுப்படியாகும் என்பதையும் அவர் அந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். காலனித்துவ நிர்வாகம் அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1920களில் தொடங்கப்பட்ட லக்சபான நீர்மின் திட்ட வேலைகளும் இடைநடுவில் நிறுத்தப்பட்டன. சேவையிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1931இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகிய அவர், தமது கோரிக்கையை அங்கேயும் கொண்டுபோனார். லக்சபானவின் முதற்கட்டம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. அதைக் கண்ணால் கண்டபின், 1953இல் அவர் காலமானார்.

இந்த வரலாற்றை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம், அந்தக் கட்டுரை வாசிக்கப்பட்ட இடம். அமைச்சரவையோ ஆளுநரின் அலுவலகமோ அல்ல, 1906இல் தொடங்கப்பட்ட ஓர் உள்ளூர்ப் பொறியியல் சங்கத்தின் கூட்டம். ஒரு பொறியியலாளர் தம் சக பொறியியலாளர்களின் முன் எழுந்து நின்று, தாம் அளந்ததையும் கணக்கிட்டதையும் காட்டி, கேள்விகளுக்கு முகம்கொடுக்க அந்த மேடை இடமளித்தது. மேலதிகாரிகள் ஏற்றுக்கொள்ளாத ஒரு யோசனை எழுத்தில் பதிவானதால்தான் அடுத்த தலைமுறை அதைத் தேடி எடுக்க முடிந்தது. அந்தச் சங்கமே 1968இல் நாடாளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டு, இன்று இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமாக இயங்குகிறது. விமலசுரேந்திரவின் பெயரிலும், பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேராவின் பெயரிலும், ஏ. என். எஸ். குலசிங்கவின் பெயரிலும் அங்கே நினைவுப் பேருரைகள் நடைபெறுகின்றன. இந்த மரபு நமக்குக் கிடைத்த பெரிய சொத்து என்றே நான் கருதுகிறேன். அதனால்தான், நம் ஊர்களில் இதே வகையான நிகழ்வுகள் நடத்தப்படும் முறையைப் பற்றிச் சிலவற்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் பல ஆண்டுகளாக இத்தகைய கூட்டங்களுக்குப் போய் வருகிறேன். நிகழ்ச்சி நிரல் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை, நினைவுச்சின்னம் வழங்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக முடிந்த பிறகு, பேருரை நிகழ்த்த வந்தவரிடம் ஒலிவாங்கி போய்ச் சேரும்போது பின்வரிசைக் கதிரைகள் பாதி காலியாகியிருக்கும். ஒருமுறை இப்படியான கூட்டத்தில், நிலத்தடி நீர் பற்றி மிக நல்ல தயாரிப்போடு வந்திருந்த ஒருவர், நேரமில்லை என்று துண்டுச் சீட்டு வந்ததால், தமது வரைபடங்களில் பெரும்பகுதியைக் காட்டாமலே இறங்கினார். சபையில் இருந்த முதியவர் ஒருவர், தமது தோட்டக் கிணற்றின் நீர் சில ஆண்டுகளாக உவர்ப்பாக மாறி வருவதைச் சொல்லி, ஆழமாக்கினால் நல்ல தண்ணீர் வருமா என்று கேட்டார். அந்த மாலை முழுவதும் எழுந்த கேள்விகளில் அதுவே முக்கியமானது. அதற்குப் பதில் வருவதற்குள் நன்றியுரைக்கு அழைப்பு வந்துவிட்டது.

அந்த முதியவருக்கு உரிய பதில் அங்கிருந்த பலருக்குத் தெரியும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் பிளவுகளில் இறங்கி, உப்புநீருக்கு மேலே ஒரு வில்லைபோலத் தங்கியிருக்கிறது. கிணற்றை ஆழமாக்குவதும், இயந்திரத்தால் அளவுக்கு மீறி இறைப்பதும், கீழே உள்ள உப்புநீரை மேலே இழுத்துவிடும். இதை விளக்கப் பத்து நிமிடங்கள் போதும். அந்தப் பத்து நிமிடங்கள் ஒரு தோட்டத்தையே காப்பாற்றக்கூடியவை. ஆசியுரைகளில் இரண்டைக் குறைத்திருந்தால் அந்த நேரம் கிடைத்திருக்கும். மரியாதை செய்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மூத்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது நம் பண்பாட்டில் ஊறிய வழக்கம், அது இருக்கட்டும். ஆனால் நினைவுகூரப்படுகின்ற மனிதர் தம் வாழ்நாளில் செய்த வேலைக்கு அந்த மாலைப்பொழுதில் ஒதுக்கப்படும் நேரம் எவ்வளவு என்பதை ஏற்பாட்டாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேராசிரியர் அழகையா துரைராஜாவை எடுத்துக்கொள்வோம். வடமராட்சியில் கம்பர்மலையில் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் பேராசிரியராக இருந்து, போர்க்காலத்தின் மிகக் கடினமான ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றி, 1994இல் மறைந்தவர். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவருடைய எளிமையைப் பேசுகிறோம். துணைவேந்தராக இருந்தும் சைக்கிளில் போய்வந்ததைப் பேசுகிறோம். அவை உண்மை, பேசப்பட வேண்டியவையும்கூட. ஆனால் கேம்பிரிட்ஜில் அவர் என்ன செய்தார் என்பதை நம் மேடைகளில் நான் கேட்டது மிகக் குறைவு. ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஈரமான களிமண் சுமையின்கீழ் எப்படி இளகி உருமாறுகிறது என்பதை விளக்குவது. மண் நசுங்கும்போதும் வழுக்கும்போதும் அதற்குள் ஆற்றல் எவ்வாறு செலவாகிறது என்ற கேள்விக்குத் துரைராஜா தந்த விடை, நவீன மண் இயக்கவியலின் அடித்தளங்களில் ஒன்றாகிவிட்டது. இன்று உலகின் எந்த மூலையில் மென்மையான களிமண்மீது அணைக்கட்டோ வீதிக்கரையோ கட்டினாலும், அதன் அமிழ்வைக் கணிக்கும் கணினி நிரல்களுக்குள் அந்தச் சிந்தனையின் வழிவந்த சூத்திரங்கள் இருக்கின்றன.

இதை ஒரு க.பொ.த. உயர்தர மாணவிக்கு விளங்கும்படி சொல்ல முடியாதா? நிச்சயமாக முடியும். ஒரு தட்டில் ஈரக் களிமண்ணை வைத்து, மேலே மெல்ல எடை ஏற்றி, நீர் கசிந்து வெளியேறுவதையும் மண் அமிழ்வதையும் காட்டிக்கொண்டே பேசலாம். கம்பர்மலையில் பிறந்த ஒருவர் உலகத்துக்குத் தந்தது என்ன என்பது அந்தப் பிள்ளையின் கையில் தொட்டுணரக்கூடியதாக வந்து சேரும். சைக்கிள் கதையைக் கேட்ட பிள்ளை அவரை மதிக்கும். களிமண்ணைத் தொட்ட பிள்ளைக்கு அவர் விட்ட இடத்திலிருந்து தொடரும் ஆசை வரலாம். கொழும்புக் கோளரங்கத்தைக் காட்டி, அதை வடிவமைத்த பொறியியலாளர் குலசிங்கவைப் பற்றிச் சொல்வது இதைவிடவும் எளிது. 1965இல் எழுந்த அந்தத் தாமரை வடிவக் கொங்கிறீற்றுக் கட்டடம் இன்றும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். துரைராஜாவின் வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால், அதைக் காட்டுவதற்கு நாம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

நினைவுப் பேருரை என்றால் மறைந்தவரைப் புகழ்ந்து மட்டுமே பேச வேண்டும் என்ற எண்ணமும் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உயர் பதவி வகித்தவரும், நாட்டின் நீர்வளங்களைத் தொகுத்து 1969இல் பெருநூலாக வெளியிட்டவருமான பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகத்தின் யாழ்ப்பாண ஆற்றுத் திட்டத்தைப் பற்றி நம்மில் பலர் பெருமையோடு பேசுகிறோம். வடமராட்சிக் கடல்நீரேரியை நன்னீராக்கும் எண்ணம் 19ஆம் நூற்றாண்டில் அரசாங்க அதிபராக இருந்த துவைனம் காலத்திலேயே எழுந்தது. ஆறுமுகம் 1950களில் அதை ஒரு முழுமையான திட்டமாக விரித்தார். கனகராயன் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் நீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் தேக்கி, சுண்டிக்குளம் பக்கம் கடலுக்குப் போகாமல் மறித்து, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடல்நீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுசென்று, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகளால் கடல்நீரைத் தடுத்து வைப்பது அதன் சாரம். காலப்போக்கில் உவர் குறைந்து, சுற்றிலுமுள்ள கிணறுகளுக்கும் நல்ல நீர் ஊறும் என்பது எதிர்பார்ப்பு. தடுப்பணைகள் கட்டப்பட்டன, முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை.

இந்தத் திட்டத்தை முன்னெடுத்தவரை நினைவுகூர மிகப் பொருத்தமான வழி, அவருடைய கணக்குகளை இன்றைய தரவுகளோடு மீண்டும் போட்டுப் பார்ப்பதே. கனகராயன் ஆற்றின் நீரில் பெரும்பகுதியை இரணைமடுக் குளம் தேக்கிக்கொள்ளும் நிலையில், வறட்சியான ஆண்டுகளில் கடல்நீரேரிக்கு வந்து சேர்வது எவ்வளவு? திறந்த, ஆழமற்ற நீர்ப்பரப்பிலிருந்து எமது வெயிலில் ஆவியாவது எவ்வளவு? அந்த நீரேரியில் இறால் பிடித்து வாழும் குடும்பங்களின் நிலை என்ன ஆகும்? இவற்றைக் கேட்பது ஆறுமுகத்துக்குச் செய்யும் அவமரியாதை அல்ல. அளந்து பார்க்காத எதையும் ஏற்காத தொழிலில் வாழ்ந்தவர் அவர். இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குப் பகிர்வது பற்றி எழுந்த எதிர்ப்பும், பின்னர் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டதும் நம் கண்முன் நடந்தவை. இவ்வளவு பெரிய தெரிவுகள் செய்யப்பட்ட காலத்தில், விவசாயியும் மீனவரும் குடிநீருக்குக் காத்திருந்தவரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து, எந்தத் தரப்பையும் சாராத பொறியியலாளர்களிடமிருந்து கணக்கை விளக்கமாகக் கேட்கும் வாய்ப்புகள் போதிய அளவு இருந்தனவா? இருக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விடயத்திலும், ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகளுக்கு நடுவில், எந்தக் கிணற்று நீரைக் குடிப்பது என்று தெரியாமல் மக்கள்தான் தவித்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் நினைவுகூர்வதெல்லாம் வெற்றிகளையும் மனிதர்களையும் மட்டுமே. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட மக்கள் உயிரிழந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு கொண்ட குளம் அது. இந்த நாட்டின் பொறியியல் நாட்காட்டியில் விமலசுரேந்திர பிறந்த செப்டெம்பர் 17க்கு எவ்வளவு இடம் உண்டோ, அந்த ஏப்ரல் 20க்கும் அவ்வளவு இடம் கொடுக்கப்பட வேண்டும். மண் அணையில் கசிவு எப்படித் தொடங்குகிறது, கலங்கிய நீர் கசிந்தால் அதன் பொருள் என்ன, யாருக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்பவற்றை அணையின் கீழே வாழும் மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கினால், இறந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய அஞ்சலி இருக்க முடியாது. 2018 டிசெம்பர் வெள்ளத்தின்போது இரணைமடுவின் வான்கதவுகள் எந்த நேரத்தில் திறக்கப்பட்டன என்பது பற்றிக் கிளிநொச்சியில் எழுந்த கேள்விகளை நினைத்துப் பாருங்கள். வான்கதவை எப்போது, எவ்வளவு திறப்பது என்ற முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பது மக்களுக்கு முன்பே தெரிந்திருந்தால், விமர்சனமும் கூர்மையாக இருந்திருக்கும், வீண்பழியும் குறைந்திருக்கும்.

பொதுப் பேருரை என்று அறிவித்துவிட்டு முழுவதையும் ஆங்கிலத்தில் நடத்துவது எம் பகுதியில் பொருந்தாது. தொழில்நுட்பச் சொற்களுக்குத் தமிழில் பஞ்சம் என்று சிலர் சொல்கிறார்கள். வான்கதவு, துருசு, கலிங்கு, அணைக்கட்டு, வாய்க்கால், மதகு என்று குளத்தோடு வாழ்ந்த மக்களிடம் இருக்கும் சொற்களே ஒரு விரிவுரையின் பாதிக்குப் போதும். மீதிக்குப் பாடநூல்களில் சொற்கள் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கும்போது, தமிழில் பேசத் தெரிந்த விரிவுரையாளர்களுக்கும் குறைவில்லை. பேசியது எழுத்தில் வர வேண்டும் என்பதையும் நான் வலியுறுத்துவேன். நிகழ்வின் புகைப்படங்கள் அன்றிரவே முகநூலில் வந்துவிடுகின்றன. உரை எங்கும் கிடைப்பதில்லை. 1918இல் வாசிக்கப்பட்டது கட்டுரையாக இருந்ததால்தான் நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பதிவை வாசிக்கும் பொறியியலாளர் நண்பர்களிடமும், மாகாண மட்டத்தில் கூட்டங்களை ஒழுங்குசெய்யும் அன்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்து நடத்தவிருக்கும் நினைவுப் பேருரைக்கு முள்ளியான் வாய்க்காலைத் தலைப்பாக எடுங்கள். திட்டத்துக்கு ஆதரவாக ஒருவரும் எதிராக ஒருவரும் பேசட்டும், கடல்நீரேரியில் தொழில் செய்யும் ஒருவரையும் மேடைக்கு அழையுங்கள், பேச்சுக்கு ஒதுக்கிய நேரத்துக்குச் சமமான நேரத்தைக் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். பருத்தித்துறையிலோ பளையிலோ ஒரு பாடசாலை மண்டபத்தில் நடத்தினால் அந்த நீரேரியோடு வாழ்பவர்கள் நடந்தே வந்துவிடுவார்கள். உரைகளையும் கேள்வி பதில்களையும் தமிழில் எழுதி, சரிபார்த்து, சிறு நூலாக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். விருப்பமுள்ளவர்கள் உட்பெட்டியில் எழுதுங்கள்.